முத்துஸ்வாமி தீட்சிதரும் கடல் கடந்து வந்த மெட்டுகளும்

பழைய மாணவி, வைத்தியர் – வில்கமுவ

எமது பாடசாலையில் சங்கீதம் படித்தவர்கள் எல்லோருக்கும் மும்மூர்த்திகளைத் தெரியும். சியாமா சாஸ்திரிகள் 1762இலும், தியாகராஜ சுவாமிகள் 1767இலும், முத்துஸ்வாமி தீட்சிதர் அவர்களுக்குச் சில ஆண்டுகள் பின்னரும், மூவருமே திருவாரூரில் பிறந்தார்கள் என்பதைப் பரீட்சைக்காக மனனம் செய்தவர்கள் நாம். மூவரையும் ஒரே சட்டத்துக்குள் படமாகப் பார்த்துப் பழகியதால், மூவரும் ஒரே வழியில் நடந்தவர்கள் என்றும் நினைத்துவிடுகிறோம். தீட்சிதரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் அவருடைய கிருதிகள் சமஸ்கிருதத்தில் அமைந்தவை, மெதுவாகச் செல்பவை, பாடம் பண்ணக் கடினமானவை என்பதுதான். மூவரிலும் பழமையை இறுகப் பற்றியவர் அவரே என்று எண்ணியிருந்தோம்.

அவருடைய வாழ்க்கையைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடுகிறது. மூவருள் மிக அதிக தூரம் பயணம் செய்தவர் அவர். வடநாட்டு இசையையும் ஐரோப்பிய இசையையும் தம் சொந்தக் காதால் கேட்டு, இரண்டையும் தம் இசைக்குள் கொண்டுவந்தவரும் அவரே. உலகின் பல மூலைகளில் வாழும் எமது பழைய மாணவிகளுக்கு இந்த வாழ்க்கை ஏதோ ஒன்று சொல்கிறது என்று தோன்றியதால் இந்த மலருக்கு அதை எழுதுகிறோம்.

பிறப்பும் மணலி வாழ்வும்

தந்தை ராமஸ்வாமி தீட்சிதர் பெரிய சங்கீத வித்துவான். கச்சேரிகளில் இன்றும் முதலில் ஒலிக்கும் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, வைத்தீஸ்வரன் கோயிலில் விரதமிருந்து பெற்ற மகனுக்கு அங்குள்ள முத்துக்குமாரசுவாமியின் பெயரையே வைத்தார்கள். மன்மத வருடம் பங்குனி மாதம் கார்த்திகை நட்சத்திரத்தில் அவர் பிறந்தார். ஆங்கிலக் கணக்கில் இதை 1775 என்று எழுதுவோரும் 1776 என்று எழுதுவோரும் உண்டு. சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்று இரண்டு தம்பியரும் பாலாம்பாள் என்ற தங்கையும் அவருக்கு இருந்தனர்.

வேதம், காவியம், சோதிடம், வீணை, வாய்ப்பாட்டு ஆகிய எல்லாவற்றையும் தந்தையின் அருகிலேயே கற்றார். இந்நிலையில்தான் சென்னபட்டணத்துக்கு அருகிலுள்ள மணலியிலிருந்து முத்துக்கிருஷ்ண முதலியார் அழைப்பு அனுப்பினார். மணலி முதலியார் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பனியாருக்கு துபாஷாக இருந்த குடும்பம். துபாஷ் என்பவர் இரண்டு மொழி அறிந்து, வெள்ளையருக்கும் ஊராருக்கும் இடையில் நின்று காரியம் நடத்துபவர். ராமஸ்வாமி தீட்சிதர் தம் குடும்பத்தோடு திருவாரூரை விட்டு மணலிக்கு வந்து சேர்ந்தார்.

இந்த இடமாற்றம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். திருவாரூரிலேயே இருந்திருந்தால் கோயில் நாதஸ்வரமும் தேவாரமும் வீணையும் மட்டுமே அந்தப் பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கும். மணலியிலிருந்து சில மைல் தொலைவில் புனித ஜோர்ஜ் கோட்டை இருந்தது. அங்கே கம்பனிப் படையின் பாண்ட் வாத்தியக்காரர்கள் நடைமெட்டுகளையும் நடன மெட்டுகளையும் வாசித்தார்கள். முத்துக்கிருஷ்ணருக்குப் பின் குடும்பத்தலைவரான அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், இசையில் ஆர்வமுள்ள தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று அந்த இசையைக் கேட்க வைத்தார்.

பாலுஸ்வாமியின் காதைப் பிடித்தது வயலின். முதலியார் ஒரு ஐரோப்பிய வித்துவானை ஒழுங்கு செய்து, மூன்று ஆண்டுகள் அவரிடம் பாலுஸ்வாமி வயலின் கற்க வழி செய்தார். பரம்பரையாக வேதம் ஓதிய குடும்பத்துப் பிள்ளை ஒருவன் 18ஆம் நூற்றாண்டின் முடிவில் வெள்ளைக்கார வாத்தியக்காரரிடம் பாடம் கேட்டது சாதாரண விடயமல்ல. அந்தக் கருவி பின்னர் எமது முறைக்கு மாறியது. நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசித்த வயலினை, சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கத் தொடங்கினார்கள். நான்கு தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று சுருதி சேர்த்தார்கள். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அரிது. அது எங்கிருந்தோ வந்தது என்பதே எமக்கு மறந்துவிட்டது.

காசியில் கேட்ட இசை

தம்பி வயலினைப் பிடித்தார் என்றால் தமையனை அழைத்துச் சென்றது வேறொரு பாதை. மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, இளைஞரான முத்துஸ்வாமியைத் தம்மோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். மூத்த மகனைப் பிரிய மனமில்லாத பெற்றோர் தயங்கியே சம்மதித்தார்கள். பல ஆண்டுகள் அவர் குருவோடு காசியில் தங்கி, ஸ்ரீவித்தை உபாசனையும் வேதாந்தமும் கற்றார். அத்தோடு வடநாட்டு இசையையும் கேட்டார். துருபத் என்ற பழைய பாட்டு முறையின் நிதானமான நடை அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் செய்த கிருதிகளின் விளம்ப காலத்துக்கு இது ஒரு காரணம் என்பது இசை அறிந்தோர் கருத்து. யமுனா கல்யாணி, த்விஜாவந்தி, பிருந்தாவன சாரங்கா, ஹமீர் கல்யாணி போன்ற வடநாட்டு வழி ராகங்களில் அவர் செய்த கிருதிகளைக் கேட்டால் கங்கைக் கரைக் காற்று காவேரிக் கரையில் வீசுவது போலிருக்கும். குருவின் சொற்படி கங்கையில் இறங்கியபோது அவர் கையில் ஒரு வீணை கிடைத்தது என்பது குடும்ப வரலாறு.

இதே காசியில், தீட்சிதர் அங்கு செல்வதற்குச் சில ஆண்டுகள் முன்னர், இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. 1780களில் அங்கு கம்பனியின் பிரதிநிதியாக இருந்தவர் பிரான்சிஸ் ஃபோக். அவருடைய சகோதரி மார்கரெட் ஃபோக், ஹாப்சிகோட் வாசிக்கத் தெரிந்த பெண். ஹாப்சிகோட் என்பது பியானோவுக்கு மூத்த வாத்தியம். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு இறகுத் துண்டு தந்தியை மீட்டும். பியானோவைப் போல் சுத்தியல் அடிப்பதில்லை. வீணையைப் போலவே மீட்டுகிற வாத்தியம் அது. மார்கரெட் இந்துஸ்தானிப் பாடகர்களை அழைத்துப் பாடவைத்து, அந்த மெட்டுகளை எழுதி, தம் ஹாப்சிகோட்டில் வாசித்துப் பார்த்தார். அண்ணன் பிரான்சிஸ், பீன் எனப்படும் வடநாட்டு வீணையை ஹாப்சிகோட்டோடு சுருதி சேர்த்து, ஸ்வரம் ஸ்வரமாக ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 1788இல் கல்கத்தாவில் அச்சானது. அடுத்த ஆண்டு, 1789இல், வில்லியம் ஹமில்டன் பேர்ட் என்பவர் அதே கல்கத்தாவில் இந்துஸ்தானி மெட்டுகளை ஹாப்சிகோட்டுக்காக அமைத்து ஒரு தொகுப்பாகவே வெளியிட்டார்.

அந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள் செய்ததில் ஒரு சிக்கல் இருந்தது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லலாம். கமகம் பிறப்பது அங்கேதான். ஹாப்சிகோட்டில் கட்டைக்கு ஒரு ஸ்வரம்தான். இடையில் உள்ளதற்கு இடமில்லை. ஆகவே பாடகர் பாடியதில் எழுத்துக்குள் அடங்கியது மட்டுமே அந்த வாத்தியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடங்காதது காசியிலேயே நின்றுவிட்டது.

நோட்டுஸ்வரங்கள்

காசியில் குரு மறைந்த பின் தீட்சிதர் மணலிக்குத் திரும்பினார். பின்னர் திருத்தணி முருகன் சன்னிதியில் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் கிருதியைப் பாடினார். முருகனைக் குறிக்கும் குருகுஹ என்ற சொல் அன்றிலிருந்து அவருடைய முத்திரையானது. காஞ்சிபுரம், சிதம்பரம், திருவாரூர் என்று தலம் தலமாகச் சென்று பாடினார். நவாவரணக் கிருதிகள் உட்பட அவர் செய்தவை ஏறக்குறைய 450 முதல் 500 வரை என்று கணக்கிடுவார்கள்.

இந்தப் பெரும் கிருதிகளுக்குப் பக்கத்தில் சிறுபிள்ளைகள் போல் நிற்பவை சுமார் நாற்பது சிறிய பாடல்கள். கோட்டை பாண்டில் கேட்ட மெட்டுகளுக்கும் அவற்றைப் போன்ற ஐரோப்பிய மெட்டுகளுக்கும் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஆங்கிலத்தில் ஸ்வரத்தைக் குறிக்கும் நோட் என்ற சொல்லிலிருந்து இவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர் வந்தது. எல்லாமே சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேலுக்கும் சங்கராபரணத்துக்கும் ஸ்வர வரிசை ஒன்றுதான். ஆனால் நாம் பாடும் சங்கராபரணத்தில் ரிஷபமும் காந்தாரமும் அசையும், வளையும். நோட்டுஸ்வரத்தில் ஸ்வரங்கள் அசையாமல் நேராக நிற்கும். கமகம் கிடையாது. அணிவகுப்புக்கும் ஆட்டத்துக்கும் உரிய மூன்றும் நான்கும் எண்ணும் தாளமே உண்டு.

இவற்றில் எல்லோரும் அறிந்தது சந்ததம் பாஹிமாம் என்று தொடங்குவது. அதன் மெட்டு பிரித்தானிய மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. 1745இல் லண்டன் நாடக அரங்குகளில் பாடப்பட்டுப் பரவிய அந்தப் பாட்டு, கம்பனிப் படையோடு கடல் கடந்து சென்னபட்டணம் வந்தது. தீட்சிதர் அந்த மெட்டில் ஒரு ஸ்வரத்தையும் குறைக்காமல், அரசர் இருந்த இடத்தில் சங்கீதத்தின் தெய்வமான சியாமளையை வைத்தார். வந்தே மீனாக்ஷி என்ற நோட்டுஸ்வரம் லிமெரிக் என்ற அயர்லாந்து மெட்டில் அமைந்தது. சக்தி சஹித கணபதிம் என்பதைப் பாலபாடமாகப் பாடாத சங்கீத மாணவி இல்லை எனலாம்.

1948க்கு முன் இலங்கைப் பாடசாலைகளில் எங்கும் அந்த அரச கீதம் ஒலித்தது. நூறு வயதான எமது பாடசாலையின் முதல் தலைமுறை அக்காமாரும் அந்த மெட்டை அறிந்திருப்பார்கள். அதே மெட்டு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அம்பாளின் பாட்டாகிவிட்டதை அவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்களோ! தீட்சிதர் செய்ததை எதிர்ப்பு என்றோ பணிவு என்றோ ஒரு சொல்லில் அடக்க வேண்டியதில்லை. நல்ல மெட்டு ஒன்று காதில் விழுந்தது, தமக்குத் தெரிந்த மிக உயர்ந்த சொல்லை அதற்குக் கொடுத்தார். காசியில் மார்கரெட் எழுதிய மெட்டுகளில் கமகம் விடுபட்டது போல இங்கு எதுவும் விடுபடவில்லை. வந்த மெட்டின் நேரான நடையை அவர் மாற்றவில்லை. தம்முடைய கமகத்தை அதன்மேல் திணிக்கவுமில்லை. கிருதிகளில் கமகத்தின் உச்சத்தைத் தொட்டவர் இதிலே கமகத்தை முழுதாக ஒதுக்கியது தெரிந்தே செய்த காரியம்.

ஐரோப்பாவில் நடந்தது

அயலிசையை ஏற்பது சொந்த இசையைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தீட்சிதருக்கு இரண்டு தலைமுறைக்கு முன் ஐரோப்பாவிலும் இதே கேள்வி இருந்தது. அங்கு ஹாப்சிகோட் கோலோச்சிய பரோக் காலம் அது. இத்தாலியப் பாணி சிறந்ததா, பிரெஞ்சுப் பாணி சிறந்ததா என்று சண்டையிட்டார்கள். பிரான்ஸின் பெரிய ஹாப்சிகோட் கலைஞரான பிரான்சுவா கூப்பரன், இரு சுவைகளும் ஒன்றுசேர வேண்டும் என்பதைத் தலைப்பாகவே வைத்து 1724இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஜேர்மனியில் பிறந்து ஜேர்மனியை விட்டு வெளியே போகாத பாக், இத்தாலியரான விவால்டியின் படைப்புகளை எடுத்து ஹாப்சிகோட்டுக்கு மாற்றி எழுதியே அந்த முறையைக் கற்றார். பின்னர் 1735இல் இத்தாலிய முறையில் ஒன்றும் பிரெஞ்சு முறையில் ஒன்றுமாக இரண்டு படைப்புகளை ஒரே நூலில் அச்சிட்டார். இத்தாலியரான டொமெனிக்கோ ஸ்கார்லட்டி போர்த்துக்கல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியரானார். இளவரசி திருமணமாகி ஸ்பெயினுக்குச் சென்றபோது கூடவே சென்று வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். அவர் எழுதிய 555 ஹாப்சிகோட் சொனாட்டாக்களில் ஸ்பெயின் தெருக்களின் கித்தார் ஒலி கேட்கிறது.

இவர்களில் யாருடைய இசையும் கலப்பால் கெடவில்லை. பாக் கடைசிவரை பாக்காகவே இருந்தார். தீட்சிதரும் அப்படித்தான். சொந்த இசையில் நன்கு ஊன்றியவருக்கு அயலிசை உரமாகவே ஆகும் என்பதை இந்த வாழ்க்கைகள் காட்டுகின்றன.

சீடர்களும் இறுதிக் காலமும்

இசையில் கதவைத் திறந்து வைத்தவர், கற்பிப்பதிலும் அதையே செய்தார். திருவாரூரில் அவரிடம் கற்றவர்களில் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பனும், கமலம் என்ற தேவதாசியும், நாட்டியத்துக்கு இன்றைய கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களும் உண்டு. வடிவேலு வயலினிலும் தேர்ந்து, திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார்.

தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி வந்தது. அவருடைய சாதகத்தில் குருவின் நிலை சரியில்லை என்று கண்ட தீட்சிதர், வியாழ பகவான் மீது அடாணா ராகத்தில் ஒரு கிருதி செய்து பாடக் கொடுத்தார். வலி நீங்கியது என்றும், நவக்கிரகக் கிருதிகள் அதிலிருந்தே பிறந்தன என்றும் சொல்வார்கள். வைத்தியத் தொழில் செய்யும் எமக்கு வயிற்றுவலிக்கு வேறு பரிசோதனைகள் உண்டு. இருந்தாலும், வலியால் துவளும் மாணவனைப் பார்த்த ஆசிரியர் தம் கையில் இருந்த மிகச் சிறந்ததை அவனுக்குக் கொடுத்தார் என்பது எந்த வைத்தியரையும் தொடும். நோயாளிக்குத் தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய மருந்து என்பதை வில்கமுவவில் தினமும் காண்கிறோம்.

தீட்சிதர் பொருள் தேடாதவர். ஒரு நாள் வீட்டில் சமைக்க எதுவும் இல்லாதபோது, கமலம் தம் நகையை அடகு வைக்க முன்வந்தார். தீட்சிதர் அதை ஏற்காமல் லலிதா ராகத்தில் இலக்குமியைப் பாடினார் என்றும், அன்றே வண்டியில் பொருள்கள் வந்து சேர்ந்தன என்றும் மரபு. நகையைக் கழற்றத் துணிந்த அந்த மாணவியின் பெயர் இருநூறு ஆண்டுகளாக நிலைத்திருப்பது எமக்கு மகிழ்ச்சி தருகிறது.

தம்பி பாலுஸ்வாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாகிவிட்டார். அவரைக் காண எட்டயபுரம் சென்ற தீட்சிதர், வறண்ட அந்தப் பூமியைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடி மழை வருவித்தார் என்று சொல்வார்கள். 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில், சீடர்கள் கமகக்கிரியா ராகத்தில் மீனாட்சியைப் பாடிக்கொண்டிருக்க, அவர் உயிர் பிரிந்தது. அவரது சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. பாலுஸ்வாமியின் பேரரான சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெருநூலால்தான் அவருடைய கிருதிகள் எமது கைக்கு வந்தன. அந்த நூலை அச்சேற்றத் தூண்டியவர்களில் ஒருவரான சின்னசாமி முதலியார் ஒரு கிறிஸ்தவர். கர்நாடக இசையை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி அச்சிட்டவர். குடும்பத்துச் சொத்தாக இருந்த இசை உலகத்துச் சொத்தானதில் இப்படியும் ஒரு கை இருந்தது.

எமக்கு

வில்கமுவ, மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே வஸ்கமுவ வனத்தின் அருகில், வயலும் யானைகளும் சூழ்ந்த ஊர். எமது நோயாளிகள் பெரும்பாலும் சிங்களவர்கள். காலை முதல் மாலை வரை நாம் பேசுவது சிங்களம். வீட்டுக்கு அருகில் கர்நாடக சங்கீதம் கற்பிக்க ஒருவரும் இல்லை. எமது மகள் ஓகன் வாசிக்கப் பழகுகிறாள். அவளுக்கு நேரான ஸ்வரம்தான் தெரியும், கமகம் தெரியாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் வாழும் எமது தோழியரும் தொலைபேசியில் இதே கவலையைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள் பியானோ வாசிக்கிறார்கள், பாடசாலை இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறார்கள், எமது சங்கீதம் அவர்களுக்குத் தூரமாகிறது என்பதே அந்தக் கவலை.

தீட்சிதர் வேரூன்றிய பின்னர் அயலிசையைச் சந்தித்தார். எமது பிள்ளைகளுக்கு அயலிசைதான் முதல் இசை. இந்த வேறுபாட்டை மறைக்க முடியாது. தீட்சிதரின் வாழ்க்கையைக் காட்டி, எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எம்மை நாமே ஆறுதல்படுத்தவும் முடியாது. வேர் வைக்க வேண்டிய வேலை எம்முடையதுதான். ஆனால் அதற்கு ஒரு வாசலை அவர் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோட்டைப் பக்கமிருந்து எமது இசைக்குள் நுழைய அவர் கட்டிய நோட்டுஸ்வரம் என்ற வாசல், பியானோவின் பக்கமிருந்து வரும் பிள்ளைக்கும் திறந்தே இருக்கிறது. கமகம் இல்லாததால் எந்தக் கட்டை வாத்தியத்திலும் அதை அப்படியே வாசிக்கலாம். வாசிக்கும் மெட்டு தெரிந்த மெட்டு போலிருக்கும், சொற்கள் எமது சொற்களாக இருக்கும். அங்கிருந்து அசையும் சங்கராபரணத்துக்கு ஒரு படிதான்.

மகளுக்குச் சக்தி சஹித கணபதிம் பாடலை ஓகனில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். எமது ஆசிரியை கற்றுத்தந்த அளவு ஞாபகத்தில் இருப்பதே போதுமாக இருக்கிறது. பழைய மாணவிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பியானோவோ கீபோர்டோ இருந்தால் இந்த நூற்றாண்டு ஆண்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு நோட்டுஸ்வரத்தைப் பாடிப் பாருங்கள். அடுத்த முறை நாம் எல்லோரும் பாடசாலை மண்டபத்தில் கூடும்போது, பல நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து பாட அது ஒரு பொதுப் பாட்டாக இருக்கும்.